முக்கில் நின்ற அடி

உலகம்மாள் கம்பால் ஓங்கி நிறுத்திய அடி பூவன்குறிச்சி முக்கில் அந்தரத்தில் அப்படியே நின்றுபோன மறுநாள் காலையில், முதல் ஆளாக அதில் போய் மாட்டியவர் பால்காரர் சுப்பையா. வழக்கம்போல சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு, செய்யது பாய் டீக்கடைக்குத் திரும்புகிற இடத்துக்கு வந்தவரை, ஈ காக்கை இல்லாத வெட்டவெளியிலிருந்து ஏதோ ஒன்று தோளில் வைத்து ஒரே போடாகப் போட்டதில், சைக்கிள் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கமாகப் போய் விழுந்தார். ரோடெல்லாம் பால். "எவம்ல அவன் அடிச்சது?" என்று படுத்த வாக்கிலேயே கத்தினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உலகம்மா நேத்து நிறுத்துனாள்லா, அந்த அடிதான் வேய். இன்னும் அங்ஙனயேதான் நிக்குது போல," என்றார் ஒருவர், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பற்றிச் சொல்வதுபோல. சுப்பையாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு எல்லோரும் மீதி டீயைக் குடித்தார்கள்.

உலகம்மாளுக்கு வயது முப்பத்தாறு. ஊரிலேயே நெட்டை அவள்தான், ஆண்களையும் சேர்த்துத்தான். அந்த உயரத்தைப் பார்த்து நாலு மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள், ஐந்தாவதாக வந்தவர்களை அவளே எழுப்பி அனுப்பிவிட்டாள். பகலெல்லாம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். காலையில் வற்றிப்போன குளத்துக்குள் இறங்கித் தம்பி மாசானத்தோடு கம்பு சுற்றுவாள். பூவன்குறிச்சிக் கம்புக்கென்று ஒரு நியமம் உண்டு. நுனியில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு இறங்குவார்கள். எதிராளி உடம்பில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் வைத்தவருக்கு வெற்றி, காயம் விழுந்தால் வைத்தவருக்கே தோல்வி. முழு வேகத்தில் வீசி, சுண்ணாம்பு மட்டும் ஒட்டும்படி, தோலுக்கு ஒரு நூல் முன்னால் கம்பை நிறுத்தத் தெரிந்தவர்தான் ஆட்டக்காரர், மற்றவரெல்லாம் மாடு விரட்டுகிறவர். இன்னொன்று, வெறுங்கையோடு நிற்பவர் மேல் கம்பு படவே கூடாது. மண்ணைத் தொட்டு அப்படிச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் கம்பையே கையில் வாங்குவார்கள். சத்தியத்தை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருந்தார்களோ, உலகம்மாள் சோற்றில் உப்புப் போடுவதைப்போல அதை நாள் தவறாமல் வைத்திருந்தாள்.

மாசானத்தைக் கொன்றவன் கோமதிநாயகம். ஆற்றில் மணலை அள்ளி டிப்பர் லாரியில் விற்கிறவன், குட்டையான தடித்த ஆள், கஞ்சி போட்ட சட்டையில்லாமல் வெளியே தலை காட்டமாட்டான். கால்வாய்ப் பாலத்தில் குறுக்கே நின்று, "இனிமே இந்த ஆத்துல ஒரு கூடை மண்ணு எடுக்கப்படாது" என்று மறித்த மாசானத்தின் மேல், நட்டநடு மத்தியானத்தில், அவனே ஸ்டீயரிங்கைப் பிடித்து வண்டியை ஏற்றினான். ஏற்றியதோடு விட்டானா பாவி, பின்னுக்கு எடுத்து இன்னொரு தடவையும் ஏற்றினான். கண்ணால் கண்டவர்கள் இரண்டே பேர். லாரிக்குப் பின்பக்கம், தம்பிக்குத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்த உலகம்மாள். முன்னால் கிடந்த தம்பியை லாரி மறைத்ததில், அவளுக்குத் தெரிந்தது பின்னுக்கு வந்த வண்டியும், கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்த கோமதிநாயகத்தின் முகமும்தான். லாரிக்கு முன்பக்கம், விறகுக் கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த செய்யது பாய். சாயங்காலத்துக்குள் எவனோ ஒரு கூலி டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன், பிரேக் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்துவிட்டான். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல், கையில் ரோஜா மாலையோடு கோமதிநாயகம் துக்கம் கேட்க வந்தான். முக்கில் காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்திருப்பான். தம்பியின் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே வந்த உலகம்மாள் எடுத்த எடுப்பில் வீசினாள். அந்த வீச்சில் அவளுடைய இருபது வருஷப் பழக்கம் இருந்தது, தம்பியைப் பாயில் கூட்டி அள்ளிய கை இருந்தது, பின்னுக்கு எடுத்த வண்டியின் சத்தம் இருந்தது, அது கழுத்தில் இறங்கினால் தலை நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மாலை நழுவிக் கீழே விழ, கோமதிநாயகம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். இரண்டும் வெறுங்கை. அவள் நிறுத்திவிட்டாள். அவன் கழுத்துக்கு ஒரு நூல் முன்னால் கம்பு நின்றது, பிறகு கீழே இறங்கியது. கம்போடு கூட அடி இறங்கவில்லை. அது அங்கேயே நின்றுகொண்டது, அவன் மட்டும் பின்னால் நழுவிக் காரில் ஏறிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து உலகம்மாளின் வலது கை செத்துப்போனது. வலியில்லை, வீக்கமில்லை, ஒரு பீடி இலையைக்கூடப் பிடிக்க முடியாமல் தோளிலிருந்து சும்மா தொங்கியது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பு என்றார். மாசானத்தின் பெண்டாட்டி சண்முகக்கனி வேறு சொன்னாள். "ஏன் மயினி நிறுத்தினிய?" என்று கேட்டாள், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "ஒங்க நியமம் ஒங்களுக்குப் பெருசு. எம் பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா? கும்பிட்டான்னு விட்டியளே, எம் புருஷனும் பாலத்துல வெறுங்கையோடதான நின்னாவ?" நிறுத்தியது நேர்மையா, இல்லை கடைசி நொடியில் வந்த பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டாளா என்று உலகம்மாளுக்கே தெரியவில்லை, அந்தத் தெரியாமைதான் அவளைத் தின்றது.

ஊருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, ஊருக்குப் போக்குவரத்துதான் கவலை. முதல் வாரம் அடியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டார்கள். முள்ளை ஆடு தின்றுவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஓர் ஆளை அனுப்பி அளந்து பார்த்து, தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உள்ளவர்கள் குனிந்து போகவும் என்று போர்டு வைத்தார். குனியாமல் போன மூங்கில் ஏணி முறிந்தது, வைக்கோல் வண்டியின் பாரம் சரிந்தது, வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர் முன்பல்லைக் கொடுத்துவிட்டுப் போனார், அப்புறம் அந்தச் சம்பந்தமும் அமைந்தது, வேறு வழி? எத்தனை பேரை அடித்தும் அடி தேயவில்லை. தேங்காய் உடைக்கச் சோம்பல்பட்ட ஹோட்டல்காரர் காயைத் துணியில் கட்டி அதற்குள் நீட்டி உடைத்துக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதற்கு அடியில் நடந்து, போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று காற்றில் கை வைத்துப் பார்த்தார்கள். வளர்ந்துவிட்ட பிள்ளையை அம்மாமார் காதைப் பிடித்துக் குனிய வைத்தார்கள். மினிபஸ் கண்டக்டர், "அடி ஸ்டாப்லாம் எறங்கு, குனிஞ்சு போ, குனிஞ்சு போ" என்று கூவிக் கூவி அந்த இடத்துக்கு அதுவே பேராகிவிட்டது.

குனிந்து குனிந்து பழகியதில்தான் வந்தது வினை. தினம் ஒரு இடத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனால் கை தானாகக் கும்பிடும் அல்லவா? ஆடி மாதம் யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள், மறுவாரம் வேப்பிலை, அதற்கடுத்த வாரம் ஒரு அகல்விளக்கு. நின்னடியம்மன் என்று பெயரும் வந்துவிட்டது. ஒரு ஆட்டைத் திருடிய வழக்கில், சந்தேகப்பட்டவனை, அம்மனுக்கு அடியில் நின்று சத்தியம் பண்ணு, பொய்யென்றால் தலையில் இறங்கிவிடும் என்று இழுத்துக்கொண்டு போக, அவன் நாலு அடி தள்ளியே மூத்திரம் போய்விட்டு ஆடு கட்டியிருக்கிற தோப்பைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அதற்கப்புறம் வரப்புத் தகராறு, பெண்டாட்டி மேல் சந்தேகம், கோழி களவு, எதுவானாலும் முக்குக்கு வா என்றார்கள். வந்தவன் குனிந்து, கும்பிட்டு, அடிக்குக் கீழே நின்று சத்தியம் சொல்லிவிட்டு மறுபக்கம் வெளியே வரவேண்டும். வந்தால் அவன் சொன்னது நிஜம். பூவன்குறிச்சியில் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களே இல்லாமல் போனார்கள், எங்கள் ஊர் அம்மன் ஊர் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டார்கள்.

"அது சாமி இல்ல," என்று உலகம்மாள் சொல்லிப் பார்த்தாள். கிணற்றடியில் சொன்னாள், பீடிக்கடையில் சொன்னாள், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "அது எங் கை அடி. நான் வீசினது, நான் நிறுத்தினது. அது எறங்கவும் எறங்காது, ஏறவும் ஏறாது. நிமிர்ந்து நின்னா யோக்கியனையும் அடிக்கும், குனிஞ்சு நின்னா எந்தக் களவாணியையும் விட்டுரும். அதுக்குக் கண்ணா இருக்கு?" தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டு பொறுமையாகக் கேட்டார். "ஒங் கையிலேர்ந்து வந்ததாலதாம்மா ஒனக்கு அருமை தெரியல," என்றார்.

இதற்கிடையில் அவள் சும்மா இருக்கவில்லை. விழுந்து எழுந்து ஒரு வக்கீலைப் பிடித்து, எட்டு மாதம் நடையாய் நடந்து, வழக்கைத் திரும்ப எடுக்க வைத்துவிட்டாள். வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "நீங்க கூடப்பிறந்தவங்க. உங்க சாட்சி மட்டும் வச்சு ஒண்ணும் ஆகாது. அந்த டீக்கடைக்காரர் வந்து, ஓட்டினது கோமதிநாயகம்தான்னு சொன்னா ஆள் உள்ளே. அவர் வரலேன்னா திங்கட்கிழமையோட எல்லாம் முடிஞ்சுது." செய்யது பாய் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். அவரும் பாவம், பயந்த மனுஷர், கடைக்கு முன்னால் டிப்பர் வந்து நிற்கும்போதெல்லாம் அவர் ஆற்றுகிற டீ தம்ளருக்கு வெளியே விழும். இருந்தாலும் மாசானம் அவர் மகனுக்குக் கூட்டாளி, அந்தப் பிரியத்தில் வருகிறேன் என்றார்.

அது கோமதிநாயகத்தின் காதுக்குப் போகாமல் இருக்குமா? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, மேளத்தோடு வந்து முக்கில் இறங்கினான். ஊரே கூடிவிட்டது. "மாசானம் சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. வண்டிய நான் ஓட்டல. பொய்யின்னா ஆத்தா இந்த எடத்துலயே என்னை எடுத்துக்கிடட்டும்," என்று சொல்லி, இடுப்பை வளைத்து, தலையை முழங்கால் மட்டத்துக்குத் தாழ்த்தி, கும்பிட்ட கையோடு அடிக்குக் கீழே நின்றான். எந்தக் கழுத்துக்கென்று வீசப்பட்டதோ அந்தக் கழுத்துக்கு இரண்டு முழம் மேலே அடி அதுபாட்டுக்கு நின்றது. மறுபக்கம் முழுசாக வெளியே வந்தான். பெண்கள் குலவையிட்டார்கள்.

"அவன நிமிர்ந்து நிக்கச் சொல்லுங்க!" என்று உலகம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். "நேரா நின்னு அதையே சொல்லச் சொல்லுங்கய்யா! அது நின்ன எடமே அவன் கழுத்துதானய்யா!"

"அம்மன் முன்னால தலைய நிமிர்த்தி நிக்கச் சொல்லுதியா?" என்று தலைவருக்கே கோபம் வந்துவிட்டது. "மரியாதை தெரியாம பேசாத. குனியுறதுதான் மொறை."

ஒரு கும்பிடுதான் அன்றைக்கும் அவனைக் காப்பாற்றியது, இன்றைக்கும் அவனைக் காப்பாற்றியது. தன் கையால் வீசிய அடியே தம்பியைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு, எத்தனை பேர் விலகிப் போகச் சொல்லியும் போகாமல், உலகம்மாள் மத்தியானம் வரைக்கும் வெயிலில் அங்கேயே நின்றாள். 

சாயங்காலம் செய்யது பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தாயி, நா திங்கக்கிழம வரல."

"பாய், நீங்க பாத்தீயள்லா?"

"பாத்தேன்." வடிகட்டியைத் திருப்பித் திருப்பித் தட்டினார். "ஆனா ஊரே அவன் சுத்தமுன்னு சொல்லுது. அம்புட்டுப் பேரு முன்னால நின்னான், ஒண்ணும் ஆகலயே. படைச்சவனே அவன விட்டுட்டான்னா நான் யாரு தாயி? எங் கண்ணுதான் தப்போ என்னவோ. வெயிலு வேற அன்னைக்கு." அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, எட்டு மாதமாகச் சுமந்த விறகுக் கட்டை இறக்கி வைத்தவரின் நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டதும்தான் உலகம்மாளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று; பயந்தவனைத் தைரியப்படுத்தலாம், நிம்மதி அடைந்தவனை என்ன செய்ய?

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சண்முகக்கனி பேசுவதையே விட்டுவிட்டாள். உலகம்மாள் குளத்துக்குள் இறங்கி இடது கையால் கம்பைப் பிடித்து, வருகிற அடியைத் தடுக்கிற வீச்சைச் சுற்றிப் பார்த்தாள். நாலாவது சுற்றில் கம்பு நழுவிக் கீழே விழுந்தது. தன் வலது கை வீசியதைத் தன் இடது கை தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கம்பை எடுக்காமலேயே மேடேறி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, அம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கூட்டம் கூடியிருந்த நேரம் பார்த்து உலகம்மாள் முக்குக்கு வந்தாள். கோமதிநாயகம் பெரிய மனுஷனாகச் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான். "நானும் சத்தியம் சொல்லுதேன்," என்றாள்.

"தாராளமா," என்றார் தலைவர். "குனிஞ்சு போய்ச் சொல்லு. ரெண்டு பேரையும் அம்மன் விட்டுட்டான்னா அது விபத்துதான்னு முடிச்சுக்கிடுவோம், ஊரும் நிம்மதியா இருக்கும்."

"குனிய மாட்டேன். நிமிர்ந்துதான் சொல்லப்போறேன்."

"நிமிர்ந்தா அடி விழும்ட்டி!" என்று ஒரு கிழவி பதறினாள். "விழுந்தா நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும்!"

"ஆயிரும், தெரியும்." உலகம்மாள் திரும்பி டீக்கடையைப் பார்த்தாள். அடுப்பில் பால் கொதிக்கிறது, கையில் தம்ளரோடு செய்யது பாய் நிற்கிறார். "பாய், ஊருக்கு நான் சொல்லல. ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்லுதேன். நான் இப்போ சொல்லப்போறது நெசமா பொய்யான்னு இந்தக் கூட்டத்துலயே ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நெசத்தச் சொல்லுறவள அது அடிக்கா இல்லையான்னு பாருங்க. கண்ண மட்டும் மூடிராதீய."

சண்முகக்கனி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தாள். "வேண்டாம் மயினி, நான் ஏதோ ஆத்தாமையில பேசிட்டேன், வேண்டாம், நீங்களும் போயிராதிய!" உலகம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, இடது கையாலேயே, மெதுவாகப் பிரித்துவிட்டாள். பிறகு மஞ்சள் துணியைத் தாண்டி, அவளுடைய அந்த உயரத்தில் ஒரு அங்குலம்கூடக் குறைக்காமல், உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"எந் தம்பி மாசானத்த டிப்பர ஏத்திக் கொன்னது இந்தக் கோமதிநாயகம். ஓட்டுனது அவன். எங் கண்ணால அவன் மூஞ்சியப் பாத்தேன். ஏத்திட்டுப் பின்னுக்கு எடுத்து..."

அடி விழுந்தது. அவன் கழுத்துக்கு நிறுத்தியது அவள் உயரத்துக்குத் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. உலகம்மாள் பொங்கல் பானைகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தாள்.

பிறகு, "பொய் சொல்லிட்டா! அம்மன் போட்டுட்டா பாத்தியளா!" என்று ஒருவன் கத்த, ஆமாம் ஆமாம் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோமதிநாயகம் சேரை விட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, நாலு பேர் பார்க்கக் கும்பிட்டான். சண்முகக்கனி மட்டும் தரையில் விழுந்து மயினியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓலமிட்டாள்.

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. செய்யது பாய் அதை இறக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கடையை விட்டு இறங்கி, கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தார். 

"அவ சொன்னது அம்புட்டும் நெசம்," என்றார். "நான் பாத்தேன். ஓட்டுனது இந்த ஆளுதான். நெசத்தச் சொன்னவளையே அது அடிச்சுப் போட்டுருச்சு. அது எந்த ஊரு சாமிய்யா? திங்கக்கிழம நான் கோர்ட்டுக்குப் போறேன். என்ன வெட்டிப் போட்டாலும் சரி."

"பாய், யோசிச்சுப் பேசும்," என்றான் கோமதிநாயகம்.

"எட்டு மாசமா யோசிச்சுட்டேன் மொதலாளி." செய்யது பாய் உலகம்மாளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவள் கண் திறந்துதான் இருந்தது. எட்டு மாதமாகச் செத்துக் கிடந்த வலது கை தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் வலித்துத் துடித்துக்கொண்டிருந்தது, அதையும் அவள் கவனிக்கவில்லை, அவருடைய வாயையே பார்த்தாள்.

"ஒங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தேன் தாயி. மொதத் தடவ ஏத்துனப்போ அவன் சாகல. கையத் தூக்குனான். அதப் பாத்துட்டுத்தான் இவன் பின்னுக்கு எடுத்தான்."

உலகம்மாள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"தூக்குனானா பாய்?"

"தூக்குனான் தாயி," என்றார் செய்யது பாய். "நீ வர்ற பக்கம் பாத்துத்தான் தூக்குனான்."